மூன்றாவது மொழி

முப்பத்து நான்கு வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். 1976இல் முதல் நியமனம்; 2010இல் ஓய்வு. இடையில் கிழக்கிலங்கைக் கரையோரத்தின் மூன்று முஸ்லிம் பாடசாலைகள். பாடசாலைச் சுவரில் என்ன எழுதியிருக்கும், அந்த எழுத்துக்கும் வகுப்பறைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன். எழுபத்து மூன்று வயதில், ஜெனீவா நகரத்தில், எட்டு வயதுப் பேர்த்தியின் வகுப்பறையில் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

2023 செப்டெம்பரில் மகளிடம் போனேன். மருமகன் அங்குள்ள ஒரு சர்வதேச நிறுவனத்தில் கணக்காளர். ஒரே பிள்ளை. மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தொதலும் மஸ்கட்டும் கட்டித் தந்துவிட்டு, வாசலில் வைத்து ஒன்று சொன்னாள்:

"புள்ளைக்கிட்ட என்னோட கொஞ்சம் பேசச் சொல்லுங்க. 'ஹலோ உம்மும்மா, பாய் உம்மும்மா' இந்த ரெண்டையும் வெச்சி நான் என்ன செய்யிற?"

எனக்கு ஆங்கிலம் தெரியும். பேர்த்தியோடு பேச ஒரு தடையும் இருக்கவில்லை. ஆதலால் மனைவியின் முறைப்பாட்டை நான் பெரிதாக எடுக்கவில்லை. தொதலைப் போல அதுவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஒரு சாமான் என்றுதான் நினைத்தேன்.

பேர்த்தி படிப்பது பிரெஞ்சும் ஆங்கிலமும் சரிபாதியாக நடக்கும் ஒரு தனியார் சர்வதேசப் பாடசாலையில். அதன் பெயர் இங்கு அவசியமில்லை. வாசலுக்கு உட்பக்கச் சுவரில் இரண்டு மொழிகளிலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாப் பண்பாடுகளையும் மதித்தல், கேள்வி கேட்கும் மனம், பிழைவிடும் துணிவு, பிறருக்குக் கைகொடுத்தல், உலகப் பிரஜையாக வாழ்தல். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நம் நாட்டுப் பாடசாலைகளில் அதிபரின் அறைக்கு வெளியே 'தூரநோக்கு', 'பணிக்கூற்று' என்று இரண்டு பலகைகள் தொங்குவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அவற்றைத் தூசி தட்டுவோம். பணிக்கூற்றை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பிள்ளையை முன்வரிசையில் இருத்துவோம். மூன்று பாடசாலைகளின் பணிக்கூற்றுகளுக்குச் சொல் தேடிக் கொடுத்தவன் நான். அவற்றில் ஒரு சொல்லையாவது வகுப்புக்குள் கொண்டுபோனதாக ஞாபகம் இல்லை. இதுவும் அப்படியொரு பலகை, கொஞ்சம் விலை கூடியது, அவ்வளவுதான் என்று எனக்குள் தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

பகலில் வீட்டில் நான் தனியே. மருமகனின் புத்தக அலுமாரியில் இந்தப் பாடசாலைகளின் வரலாறு பற்றிய நூல்கள் சில இருந்தன. வேறு வேலை இல்லாததால் வாசிக்கத் தொடங்கினேன்.

இவ்வகைப் பாடசாலைக்கு ஜெனீவாதான் தாய்வீடு. முதலாம் உலக யுத்தம் முடிந்த பின், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அங்கே அமைந்தது. சர்வதேச தொழில் தாபனமும் அங்கேயே வந்தது. சங்கத்தின் அலுவல்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடந்தன. பல நாடுகளிலிருந்து வந்த உத்தியோகத்தர்களின் பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? 1924இல் அந்த உத்தியோகத்தர்கள் சிலரும், ஜெனீவாவின் ரூசோ கல்வி நிறுவகத்தோடு தொடர்புடைய அடோல்ஃப் ஃபெரியேர் போன்ற கல்வியாளர்களும் சேர்ந்து ஜெனீவா சர்வதேசப் பாடசாலையைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே இருந்தார்கள். 1926இல் கமலா நேருவின் சிகிச்சைக்காக நேரு குடும்பம் ஜெனீவாவுக்கு வந்தபோது, எட்டு வயது இந்திராவையும் அங்கேதான் சேர்த்தார்கள். என் பேர்த்தியின் வயது.

1929 முதல் 1949 வரை அந்தப் பாடசாலையை நடத்தியவர் மரி தெரேஸ் மொரெத் என்ற பெண்மணி. இரண்டாவது உலக யுத்தம் அவருடைய காலத்தில்தான் வந்து போனது. ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகள் ஒரே வளவுக்குள். யுத்தம் முடிந்து 1948இல் யுனெஸ்கோவுக்காக அவர் ஒரு சிறுநூல் எழுதினார். சமாதானத்துக்கான கல்வி முறைகள் என்று ஏதும் உண்டா என்பதே அதன் கேள்வி. அவர் உபதேசத்தை நம்பியவராகத் தெரியவில்லை. நடைமுறையைச் சொல்கிறார். புவியியலைத் தன் நாட்டில் தொடங்காமல் முழு உலகில் தொடங்க வேண்டும். வரலாற்றை ஒரு நாட்டின் கதையாக அன்றி உலகத்தின் கதையாகப் படிப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மொழிகளில் இயங்கப் பழக வேண்டும்.

அந்தப் பாடசாலையின் ஆசிரியர்கள் 1960களில் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் சர்வதேச பக்கலோரியா என்ற பரீட்சை முறை பிறந்தது. அதற்கான அமைப்பு 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பட்டது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. அதன் பணிக்கூற்றில் ஒரு கருத்து உண்டு. நம்மிலிருந்து வேறுபட்டவர்களும் சரியாக இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைப்பற்றிச் சிறிது நேரம் யோசித்தேன். நான் சொல் தேடிக் கொடுத்த மூன்று பணிக்கூற்றுகளிலும் அப்படியொரு வசனம் இல்லை.

ஒக்டோபர் மாதத்தில் பாட்டன் பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்தார்கள். விரும்பினால் இரண்டு நாட்கள் வரலாம்.

அந்த வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள். ஒருவர் பிரெஞ்சு, மற்றவர் ஆங்கிலம். ஒருநாள் விட்டு ஒருநாள் மொழி மாறும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு மொழியில் சொன்ன பாடத்தை மற்ற மொழியில் திருப்பிச் சொல்லமாட்டார்கள். திங்கட்கிழமை எரிமலை பற்றிய பாடத்தைப் பிரெஞ்சில் தொடங்கினால், செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து ஆங்கிலத்தில் தொடரும். நாளைக்கு நமக்குத் தெரிந்த மொழியில் சொல்வார்கள்தானே என்று ஒரு பிள்ளையும் காதைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாது.

நான் போன முதல் நாள் பிரெஞ்சு நாள். பேர்த்திக்குப் பக்கத்தில் செனகல் நாட்டுப் பையன் ஒருவன். பிரெஞ்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேர்த்தி ஒரு வசனத்தில் தட்டுப்படும்போதெல்லாம் அவன் காதுக்குள் ஏதோ சொல்வான். அவள் தலையாட்டிவிட்டு எழுதுவாள். எங்கள் வீட்டுக் கெட்டிக்காரி இன்னொருவனின் தயவில் இருப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அடுத்த நாள் ஆங்கிலம். அதே மேசை, அதே இருவர். இப்போது அவன் தட்டுத்தடுமாறுகிறான். அவள் காதுக்குள் சொல்கிறாள். நேற்றுப் பட்ட கடனை இன்று தீர்க்கிறாள் என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது கடனாகவே தெரியவில்லை. இன்று வல்லவன், நாளை எளியவன். நாளை மறுநாள் மீண்டும் வல்லவன். இப்படி வருடக்கணக்காக மாறி மாறி இருக்கும் பிள்ளைக்கு, பேச்சு வராத இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வரும்?

மதித்தல் என்று சுவரில் எழுதியிருந்தது எனக்கு அந்த மேசையில்தான் விளங்கியது. அது நல்லொழுக்கப் பாடமல்ல, நேரசூசி. என் வகுப்புகளில் முப்பத்து நான்கு வருடமும் ஒரே ஒரு வல்லவன்தான் இருந்தான். அவன் கையில் வெண்கட்டி இருந்தது.

இடைவேளையில் பிரெஞ்சு ஆசிரியையோடு கதைத்தேன். அவருடைய ஆங்கிலம் நிதானமானது. ஐந்து வயதில் பேர்த்தி அங்கு சேர்ந்தபோது, பிரெஞ்சு நாட்களில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"காத்திருந்தேன்" என்றார். "அவள் சொல்வதைக் கேட்டுச் செய்கிறாளா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாளா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். பேசாத பிள்ளை படிக்காத பிள்ளை அல்லவே."

நான் மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அந்த நேரம் ஒரு பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1984. மருதமுனையில் நெசவு செய்யும் ஒரு குடும்பத்துப் பையன். எட்டாம் வகுப்பு. கணக்கில் சூரன், வாய் ஓயாத பேச்சு. அந்த வருடம் நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். புதன்கிழமை ஆங்கில நாள். அன்று வகுப்புக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் இருபத்தைந்து சதம் குற்றப்பணம். மேசையில் ஒரு பிஸ்கட் பேணி. பெயர் எழுத ஒரு கொப்பி. என்ன கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை. ஆங்கிலம் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாகிவிடுவார்கள் என்ற தவிப்புத்தான்.

அந்தக் கொப்பியில் ஆகக் கூடுதலாக விழுந்தது அவனுடைய பெயர். பிறகு மெல்ல மெல்ல அது விழாமல் போனது. புதன்கிழமைகளில் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச நாளில் மற்றக் கிழமைகளிலும் என் பாடத்தில் அவன் வாய் திறப்பதில்லை. குற்றப்பணம் குறைந்துவிட்டது, பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று அதிபரிடம் பெருமையாகச் சொன்னேன். பேணியில் சேர்ந்த காசோடு என் கைக்காசையும் போட்டு வாசிகசாலைக்கு ஓர் ஆங்கில அகராதி வாங்கினோம். அந்தப் பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே பாடசாலையை விட்டு நின்றுவிட்டான். தறியில் இருக்க ஆள் தேவைப்பட்டது என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தக் காரணத்தை அன்று நான் உடனே ஏற்றுக்கொண்டேன் என்பதும் உண்மை.

மருமகனின் அலுமாரியில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. பிரான்ஸின் மேற்குக் கரையில் பிரெத்தோன் என்றொரு மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் அங்கே பல பாடசாலைகளில் அந்த மொழியைப் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையோ பழைய சப்பாத்தோ தொங்கவிடுவார்களாம். அடுத்து அந்த மொழியில் பேசிப் பிடிபடும் பிள்ளைக்கு அது கைமாறும். பொழுதுபடும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. அங்கே சப்பாத்து, எங்கள் வகுப்பில் பிஸ்கட் பேணி. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்திருக்கவில்லை.

அதே மாதக் கடைசியில் பெற்றோர் சந்திப்பு. மகள் என்னையும் கூட்டிப் போனாள். ஆசிரியைகள் இருவரும் பேர்த்தியைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். பிறகு பிரெஞ்சு ஆசிரியை கேட்டார்:

"வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்?"

"ஆங்கிலம்" என்றாள் மகள்.

"உங்கள் இருவரதும் தாய்மொழி?"

"தமிழ். பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கும் என்று அவள் பாடசாலை தொடங்கிய வருடமே நிறுத்திவிட்டோம்."

மகள் அதை ஒரு தியாகம்போலச் சொன்னாள். ஆசிரியை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்: "இந்த இரண்டு மொழிகளையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அந்த மூன்றாவதை உங்களைத் தவிர வேறு யாரும் கொடுக்க முடியாது. தயவுசெய்து அதை நிறுத்த வேண்டாம்." தவணை முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் வந்து தங்கள் வீட்டு மொழியில் ஒரு கதை சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

ட்ராமில் திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மகள் இப்படிச் செஞ்சீங்க? அங்க உம்மா எவ்வளவு கவலப்படுறா தெரியுமா?" என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்கதானே வாப்பா படிச்சித் தந்த. தமிழ் பேசினா இருபத்தைஞ்சு சதம். வீட்டிலயும் புதன்கிழமைக்கு உம்மாவோட பேச நீங்க எங்கள விட்ட இல்லியே. உம்மா குசினிக்குள்ள தனிய இருந்தா. மறந்திட்டிங்களா?"

நான் மறந்துதான் போயிருந்தேன். பாடசாலையில் நடத்திய திட்டத்தை நானே வீட்டிலும் நடத்தியிருக்கிறேன். ஆறு மணி முதல் இஷா வரை ஆங்கிலம் மட்டும். என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த நேரத்தில் அவள் குசினியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அவள் தொலைபேசியில் 'ஹலோ, பாய்' இரண்டோடு இருப்பது புதிதாக வந்த தனிமை அல்ல. மகள் பிள்ளையாக இருந்த காலத்திலேயே தொடங்கிய தனிமை. அதைத் தொடக்கி வைத்தவன் தொதலைக் காவிக்கொண்டு ஜெனீவா வரை வந்திருக்கிறேன்.

இது பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1965இல் கனடாவின் மொன்றியலுக்கு அருகே சென் லாம்பேர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், தங்கள் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிப்பிக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வொலஸ் லாம்பேர்ட் என்ற உளவியலாளர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். பிரெஞ்சும் வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது இப்படி நடப்பதில்லை என்பதையும் அவரே பின்னர் எடுத்துச் சொன்னார். இருமொழி இரண்டு வகை. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். கையில் உள்ள மொழி மதிப்போடு இருக்க, அதன் மேல் இன்னொன்று சேர்ந்தால் கூட்டல். புதியது வருவதற்காகப் பழையது வெட்கப்பட்டு வெளியேறினால் கழித்தல். சென் லாம்பேர்ட் பிள்ளைகளின் ஆங்கிலத்தை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. தெருவும் கடையும் வானொலியும் அதற்குக் காவல் இருந்தன. எங்கள் வீட்டுத் தமிழுக்கு ஜெனீவாவில் யார் காவல்? இன்னொரு கனடா நாட்டு ஆய்வாளரான ஜிம் கம்மின்ஸ், வீட்டு மொழியில் ஊன்றிய அறிவு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று 1979 முதல் எழுதி வந்திருக்கிறார். குழப்பம் வரும் என்ற பயம் எங்களுடைய பயம். பிள்ளையின் மூளைக்கு அந்தப் பயம் இல்லை.

இந்தப் பாடசாலைகளைப் போற்றிப் பாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஜெனீவாவில் இத்தகைய பாடசாலைகளின் மேல்வகுப்புகளில் ஆண்டுக் கட்டணம் 30,000 சுவிஸ் பிராங்கையும் தாண்டிப் போகும். பெரிய நிறுவனங்கள் தம் உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும்பகுதியைக் கொடுக்கின்றன. மற்றவர்களுக்கு அது எட்டாக்கனி. உலகப் பிரஜை என்று சுவரில் எழுதிய வளவுக்குள் உலகத்தின் எல்லா நிறமும் இருக்கிறது, எல்லாப் பணப்பையும் இல்லை. காலையில் அதே வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கும் பெண்ணின் பிள்ளை அரசாங்கப் பாடசாலைக்குத்தான் போகிறது. எண்பதுகளிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி சுவிஸுக்கு வந்த நம் நாட்டுத் தமிழர்கள், ஹோட்டல் குசினிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்துகொண்டே வாரக் கடைசியில் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். பலகையில் ஒன்றும் எழுதிவைக்காமலே அவர்கள் செய்ததை, ஆங்கில ஆசிரியரின் குடும்பத்தில் வந்த நாங்கள் செய்யவில்லை.

நம் ஊர்களிலும் 'சர்வதேச' என்ற சொல்லைத் தாங்கிய பெயர்ப்பலகைகள் பெருகிவிட்டன. அவற்றில் பல கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அங்கே சர்வதேசம் என்பதன் பொருள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் என்பதுதான். ஜெனீவாக்காரர்கள் இரண்டு மொழிகளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அந்த இரண்டுதான் அவர்களுடைய வாசலில் நின்றன. நம்முடைய வாசலில் நிற்பவை எவை? 1956இன் சட்டம் ஒரு மொழியை மட்டும் உள்ளே அழைத்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2002 முதல் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆறாம் வகுப்பிலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழிக் கல்வி வந்தது. நல்ல விடயம். ஆனால் அங்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து, ஒருநாள் இவன் அவனுக்கும் மறுநாள் அவன் இவனுக்கும் காதுக்குள் சொல்லிக்கொடுப்பதை நான் கண்டதில்லை. தெற்கில் சிங்களத்திலும் கிழக்கில் தமிழிலும் படிக்கும் நம் சமூகத்துப் பிள்ளைகளை வைத்தே அப்படியொரு வகுப்பை நடத்திப் பார்த்திருக்கலாம். எனக்கு உத்தியோகம் இருந்த காலத்தில் இந்த யோசனை வரவில்லை.

கதை சொல்லும் முறை எனக்கு வந்தது. நவம்பர் மாதம். மூன்று கிழமையாகப் பேர்த்தியும் நானும் பயிற்சி எடுத்தோம். நான் தமிழில் சொல்வது, அவள் மொழிபெயர்ப்பது. அவளுக்குத் தமிழ் முற்றாக மறந்துபோயிருக்கவில்லை. ஐந்து வயதில் மூடிய கதவு, பூட்டுப் போடாத கதவு. 'வடை' என்ற சொல்லை அவள் வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்ததை மறக்க முடியாது.

காகமும் நரியும் கதையைச் சொன்னேன். காகம் வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியதும், நரி அண்ணாந்து பார்த்ததும்தான் தாமதம், அந்தச் செனகல் பையன் எழும்பி நின்று பிரெஞ்சில் ஏதோ கத்தினான். வகுப்பே சிரித்தது. பிரெஞ்சுப் பாடசாலைகளில் லா ஃபொன்தேனின் காகமும் நரியும் கவிதையை மனனம் செய்யாத பிள்ளை இல்லையாம். அங்கே காகத்தின் வாயில் இருப்பது சீஸ். வடை என்றால் என்ன என்று எல்லாரும் பேர்த்தியைக் கேட்டார்கள். பருப்பை அரைத்து எண்ணெயில் பொரிப்பது என்று முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள். அன்றைய நாளில் அந்த வகுப்பில் வல்லவள் அவள்தான். அவளை வல்லவளாக்கியது அந்த இரண்டு மொழிகளும் அல்ல.

அன்றிரவு அவளே தொலைபேசியை எடுத்தாள்.

"உம்மும்மா, ஒரு காகம் ஒரு வட எடுத்திச்சி."

மறுபக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மனைவியின் குரல் கேட்டது: "எங்கயிருந்து மகள் எடுத்த?"

அந்தக் கேள்விக்குப் பயிற்சி எடுத்திருக்கவில்லை. பேர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் யோசித்து, "உம்மும்மாட குசினியில" என்றாள். அதன் பிறகு இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பிப் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

டிசம்பரில் ஊர் திரும்பினேன். இரண்டு கிழமை தள்ளிப் போட்டுவிட்டு ஒரு பின்னேரம் மருதமுனைக்குப் போனேன். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் நாலு கைத்தறிகள். என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு எழும்பி, "வாங்க சேர்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தேநீர் வந்தது. எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்தில, புதன்கிழமையில..." என்று இழுத்தேன்.

"நாலு ரூபா எழுபத்தைஞ்சு சதம் சேர்" என்றார் அவர். பத்தொன்பது தடவை. நாற்பது வருடமாகியும் கணக்குத் தவறவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவன் நான். அந்தச் சொல்லை எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேயிலையை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

புறப்படும்போது அவருடைய மகனைக் கூப்பிட்டார். பதின்மூன்று வயது. இருமொழிப் பிரிவில் சேர்த்திருக்கிறார்களாம். விஞ்ஞானம் ஆங்கிலத்தில். பிள்ளை தடுமாறுகிறான். "உங்களுக்கு நேரம் இருந்தா கொஞ்சம் பாத்துக் கொடுங்க சேர்."

பையன் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பின்னேரம் வரத் தொடங்கினான். முதல் மாதம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் சொல்வதைக் கேட்டான், எழுதினான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். மனைவி தேநீர் கொண்டுவந்தால், உள்ளே போகவிடாமல் அவளையும் எங்களோடு இருக்கச் சொன்னேன். ஒளித்தொகுப்பு என்ற பாடத்தை அவன் அவளுக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும். அவளுக்கு விளங்கினால்தான் அடுத்த பக்கம். அவள் கேள்விகள் கேட்பாள். முருங்கை மரத்தைக் காட்டி, இதுக்கும் அப்படித்தானா என்பாள். அவன் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுவான்.

அவனுடைய வாயிலிருந்து ஆங்கிலம் எப்போது வரும் என்று அவனுடைய வாப்பா ஒருநாள் கேட்டார். "வரும்" என்றேன். "அவசரமில்லை."